ஆராய்ச்சிக் கூடத்திலும் பதிலித் தொழிலாளியா?

சென்ற வாரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளித் தோழரின் வீட்டுத் திண்ணையில் சந்தா வசூலுக்காக உட்கார்ந்திருந்தோம். தறியை நிறுத்திவிட்டு வந்த தோழர், சந்தாப் பணத்தோடு ஒரு காகிதத்தையும் நம் கையில் கொடுத்தார். "மகளுக்கு யூனிவர்சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது, தோழர். இதில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்துச் சொல்லுங்கள். அவளைக் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதப்பா என்கிறாள். முகம் மட்டும் சரியாக இல்லை" என்றார்.

நாம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்டவர்கள். அந்தப் பெண்ணோ எம்.எஸ்ஸி. முடித்தவள். ஆனால் அந்தக் காகிதத்தைப் படிக்க எம்.எஸ்ஸி. வேண்டியதில்லை. ஆலையில் பதிலியாக வேலை பார்த்த எவனும் கண்ணை மூடிக்கொண்டே அதைப் படித்துவிடுவான்.

பகுதி நேர ஆராய்ச்சி மற்றும் நிர்வாக உதவியாளர் என்பது பதவி. காலம் ஆறு மாதம். பணி முற்றிலும் தற்காலிகமானது. முன்னறிவிப்பு இன்றி எந்த நேரத்திலும் நிறுத்தப்படலாம். நிரந்தரம் கோரும் உரிமை கிடையாது. சம்பளம் தொகுப்பூதியம்; அதாவது பஞ்சப்படி இல்லை, பி.எப். இல்லை, லீவு இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர வேலை என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை.

காலை 9 மணிக்குப் போகிற பெண் மாலை 6 மணிக்குப் பிறகுதான் பஸ் ஏறுகிறாள். "பகுதி என்பது சம்பளத்துக்குத்தான் மாமா, வேலைக்கு இல்லை" என்றாள். முதல் மூன்று மாதச் சம்பளம் நான்காவது மாதத்தில்தான் வந்ததாம். அதுவரை பஸ் செலவு, மதியச் சாப்பாடு எல்லாம் அப்பாவின் தறிக் கூலியிலிருந்துதான்.

எந்தப் பல்கலைக் கழகம் என்று நாம் எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுடைய ஆறு மாதம் ஆறு நாளாகிவிடும். தவிரவும், இது ஒரு ஸ்தாபனத்தின் நோய் அல்ல. நாடு முழுதும் உயர்கல்வி நடக்கிற முறையே இப்படி ஆகிவிட்டது.

படித்தவர்கள் விவகாரமா?

"வயலில் நாற்று நடுகிறவனுக்கும் ஸ்பின்னிங்கில் நிற்கிறவனுக்கும் பல்கலைக் கழக விவகாரம் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் உங்களில் பலர் இந்த உதவியாளர்களைப் பார்த்திருக்கிறீர்கள். கையில் அச்சடித்த படிவத்தோடு உங்கள் தெருவுக்கு வந்து, "வருஷத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது? கடன் எவ்வளவு? வட்டி என்ன?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போன அந்தப் பையன் யார்? அவன்தான் ஆராய்ச்சி உதவியாளன். உங்கள் வறுமையைக் கணக்கெடுத்த அன்று அவன் மதியம் சாப்பிட்டானா என்பதை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

அவன் யார் வீட்டுப் பிள்ளை? மிராசுதார் வீட்டுப் பிள்ளை ஆறு மாதத் தொகுப்பூதியத்துக்கு வரமாட்டான். விவசாயக் கூலியின் மகன், நெசவாளியின் மகள், ஆலைத் தொழிலாளியின் பிள்ளை, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்தான் வருகிறார்கள். நாம் கடன் வாங்கிப் படிக்க வைத்தோம். நமக்குக் கிடைக்காத நிரந்தரம் அவர்களுக்காவது கிடைக்கும் என்று நம்பினோம். நாம் விட்டு வந்த பதிலி மஸ்டரையே இப்போது அவர்கள் கையில் கொடுக்கிறார்கள்.

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோர்வைச் சேலை என்றால் உலகமே மெச்சுகிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் பல்லும் பல்லும் கோத்ததுபோல் சேர வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் ஒருவரால் அது ஆகாது. பக்கத்தில் ஒரு துணை ஆள் உட்கார்ந்து கரை நாடாவை ஓயாமல் தள்ள வேண்டும். சேலை விற்கும்போது கடைக்காரர் பெயர் இருக்கும். நெசவாளி பெயரே இல்லாதபோது துணை ஆளின் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்? ஆராய்ச்சிக் கட்டுரையும் அப்படித்தான் வெளிவருகிறது. கணக்கெடுத்தவர், அட்டவணை போட்டவர், பில் எழுதியவர், மான்யத்துக்குச் செலவுச் சான்று தயாரித்தவர் எல்லாரும் அந்தத் துணை ஆள்தான்.

எண்கள் சொல்லும் கதை

மத்திய சர்க்காரின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை 2020 ஜூலையில் ஆராய்ச்சித் திட்ட ஊழியர்களுக்குச் சம்பள விகிதம் வகுத்தது. பட்டதாரியான நிர்வாக உதவியாளருக்கும் களப்பணியாளருக்கும் மாதம் 18,000 ரூபாய். திட்ட உதவியாளருக்கு 20,000 ரூபாய். இவற்றோடு வீட்டு வாடகைப் படி. இந்தத் தொகை நம்மில் பலருக்குப் பெரிதாகத்தான் தெரியும், அதை மறைக்கவில்லை. ஆனால் திட்டம் முடிகிற அன்றே வேலையும் முடிகிறது. மான்யம் தாமதமானால் சம்பளமும் தாமதமாகிறது. "பகுதி நேரம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் அந்த விகிதத்தையும் கொடுக்க வேண்டியதில்லை என்று நிர்வாகங்கள் கருதுகின்றன.

தேசியத் தகுதித் தேர்வில் வென்ற ஆராய்ச்சி மாணவருக்கான உதவித் தொகை 2023-ல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்தது. அதுவும் தானாக வரவில்லை. நாடெங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் திரும்பத் திரும்பக் குரல் எழுப்பிய பிறகே வந்தது. தேர்வில் இடம் பெறாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக் கழகங்களில் கொடுக்கப்பட்டு வந்த 8,000 ரூபாயைக்கூட 2015-ல் நிறுத்தப் பார்த்தார்கள். டில்லியில் மாணவர்கள் பல்கலைக் கழக மான்யக் குழு அலுவலகத்தின் முன்னே இரவும் பகலும் உட்கார்ந்துதான் அதைக் காப்பாற்றினார்கள்.

நம் மாநிலத்து அரசுக் கல்லூரிகளைப் பாருங்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் அவை நடந்து வருகின்றன. பெயரில் மட்டும் கௌரவம்! ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மான்யக் குழு 2019 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டது. 2024-ல் இங்கே அவர்கள் பெற்றது 25,000 ரூபாய்; அதுவும் வருஷத்தில் 11 மாதம். மே மாதத்தில் அவர்களுக்கு வயிறு இல்லை போலும்!

தொழிலாளியா, அறிஞரா?

"நீங்கள் தொழிலாளர் அல்ல, அறிவுலகத்தைச் சேர்ந்தவர்கள்" என்று நிர்வாகம் அவர்களைத் தட்டிக்கொடுக்கிறது. இந்தத் தட்டிக்கொடுப்பின் விலை என்ன என்பதை வழக்குகள் காட்டுகின்றன.

டில்லிப் பல்கலைக் கழகத்தின் பெண்கள் கல்லூரியில் பஸ் ஓட்டிய டிரைவர்களை, பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். 1963-ல் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? கல்வி ஒரு தொழில் அல்ல, ஆகவே தொழில் தகராறுச் சட்டம் அங்கே செல்லாது என்றது. பஸ் ஓட்டியவன் பஸ்ஸைத்தான் ஓட்டினான். ஆனாலும் அவன் தொழிலாளி இல்லையாம்! 15 ஆண்டுக்குப் பின், 1978-ல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டார்கள். பிரதான தீர்ப்பை எழுதியவர், 1957-ல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் மந்திரி சபையில் மந்திரியாக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர். பல்கலைக் கழகமும் தொழில் நிலையமே என்றாயிற்று. பிறகு 1988-ல், ஆசிரியர் மட்டும் தொழிலாளி அல்ல என்று வேறொரு தீர்ப்பு வந்தது.

அப்படியானால் ஆராய்ச்சி உதவியாளர் எந்தப் பக்கம்? தட்டச்சு அடித்து, பில் எழுதி, கட்டு கட்டாகப் படிவம் சுமக்கும்போது அவர் குமாஸ்தா. சம்பளமும் பாதுகாப்பும் கேட்கும்போது அவர் அறிஞர்! தனக்கு எது வசதியோ அந்தப் பக்கம் நிர்வாகம் அவரைத் தள்ளிவிடுகிறது.

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறிப்பிட்ட காலத்துக்கு அமர்த்தப்படுகிறவருக்கு ஓராண்டு பணி முடித்தாலே கிராச்சுவிடி என்று ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். நிரந்தர வேலையை ஒழித்துவிட்டு நீட்டுகிற மிட்டாய் அது. ஆறு மாத உத்தரவு அந்த மிட்டாயையும் தட்டிவிடுகிறது. 240 நாள் ஆகுமுன் "பிரேக்" கொடுத்து அனுப்பும் தந்திரத்தை ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா?

மூன்று சமாதானங்கள்

பணம் இல்லை என்பது முதல் சமாதானம். பல்கலைக் கழகங்கள் பணமின்றித் தவிப்பது உண்மைதான். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமான வரி இலாகா முடக்கியது. ஆனால் பணமுடை வந்தால் முதலில் வெட்டுவது ஏன் கடைசி ஆளின் கூலியை? சுப்ரீம் கோர்ட்டே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் உயர்கல்விப் பணித் தேர்வாணையத்தில் ஆண்டுக்கணக்காகத் தினக்கூலியாக வைக்கப்பட்டிருந்த ஊழியர்களின் வழக்கில், அடிப்படையான அன்றாட வேலையைச் செய்கிறவர்களின் முதுகின்மேல் அரசு தன் வரவு செலவைச் சரிக்கட்டக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் கூறி, அவர்களை நிரந்தரமாக்கச் சொன்னது. அதே மாதத்தில் குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, நிரந்தரப் பதவிக்குரிய குறைந்தபட்ச விகிதத்தையாவது கொடு என்று உத்தரவிட்டது. சம வேலைக்குச் சமச் சம்பளம் தற்காலிக ஊழியருக்கும் உண்டு என்பது 2016-லேயே பஞ்சாப் வழக்கில் சொன்ன தீர்ப்பு.

படிக்கிற பிள்ளைக்குப் பகுதி நேர வேலை உபகாரம்தானே என்பது இரண்டாவது. உண்மையிலேயே படித்துக்கொண்டு, நாளைக்கு மூன்று மணி நேரம் வேலை செய்து, அதற்குரிய கூலியைக் குறித்த தேதியில் பெற்றால் உபகாரம்தான், நாம் எதிர்க்கவில்லை. எட்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரக் கூலி கொடுத்தால் அதற்கு உபகாரம் என்று பெயரில்லை.

அனுபவம் கிடைக்கிறதே என்பது மூன்றாவது. அனுபவத்தை அடுப்பில் வைத்து உலையேற்ற முடியுமானால் நாமும் சம்மதிப்போம்.

நம் ஜில்லாவில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் கோவில் இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்து, அதாவது 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. பாடசாலையில் ஓதுவிப்பவருக்கும், ஆதுலர் சாலையில் வைத்தியருக்கும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும், மூலிகையும் விறகும் கொண்டுவருகிற ஆட்களுக்கும் இவ்வளவு நெல் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். மன்னர் காலம் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. அந்த நெல்லை விளைவித்தவனின் பெயர் அந்தக் கல்லில் இல்லை. அந்தப் பாடசாலைக்குள் அவன் பிள்ளை நுழைந்திருக்கவும் முடியாது. ஆயினும் விறகு சுமந்தவனின் பங்கைக் கல்லில் வெட்டிவைத்த ஜில்லாவில், எம்.எஸ்ஸி. படித்த பெண்ணின் சம்பளத் தேதியைக் காகிதத்தில்கூட எழுத மறுப்பது என்ன முன்னேற்றம்?

கார் தொழிலாளி காட்டிய வழி

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் 2022 நவம்பர் 14-ல் 48,000 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். அத்தனை பேரும் ஆராய்ச்சி உதவியாளர்கள், பாட உதவியாளர்கள், ஆராய்ச்சியாளர்கள். ஏறத்தாழ ஆறு வாரம் நின்று, கணிசமான சம்பள உயர்வு பெற்றுத் திரும்பினார்கள். அவர்களைத் திரட்டியது எந்தச் சங்கம் தெரியுமா? அறிஞர் கழகம் அல்ல. கார் தொழிலாளர் சங்கம்! இஞ்சின் பூட்டுகிறவனும் சோதனைக் குழாய் பிடிக்கிறவனும் ஒரே சங்கக் கொடியின் கீழ் நின்றார்கள்.

நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. இதே காஞ்சீபுரம் ஜில்லாவில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய பிரதான கோரிக்கையே சங்கம் வைக்கும் உரிமைதான். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. பந்தலில் உட்கார்ந்த அந்தத் தொழிலாளர்களுக்குத் தங்கையோ தம்பியோ ஒரு பல்கலைக் கழகத்தில் ஆறு மாத உத்தரவோடு உட்கார்ந்திருக்கக் கூடும். அண்ணனுக்குச் சங்கம் உண்டு, தங்கைக்கு இல்லை.

இதில் நம் குற்றமும் இருக்கிறது. படித்தவன் நம்மைத் தேடி வரமாட்டான் என்று நாமே தீர்மானித்துக்கொண்டு, ஆலை வாசலோடும் வயல் வரப்போடும் நின்றுவிட்டோம். பல்கலைக் கழக வாசலில் நாம் நோட்டீஸ் கொடுத்தது எத்தனை தடவை? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கோரிக்கைகள் எளியவை. உத்தரவில் வேலை நேரம் எழுதப்பட வேண்டும். மணிக்கணக்குக்கு ஏற்ற சம்பளம், மான்யம் வந்தாலும் வராவிட்டாலும், மாதக் கடைசியில் தரப்பட வேண்டும். பி.எப்., லீவு, பிரசவ லீவு வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடர்கிற வேலை நிரந்தரப் பதவியாக்கப்பட வேண்டும். காலியிடங்கள் முறையான தேர்வு மூலம், இட ஒதுக்கீட்டோடு நிரப்பப்பட வேண்டும். சங்கம் சேர்ந்ததற்காக எவரும் நிறுத்தப்படக் கூடாது.

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது தோழர் கேட்டார்: "வேலையை விட்டுவிடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். அந்த இலாகாவில் இவளைப்போல் எத்தனை பேர் என்று கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்" என்றோம்.

உள்ளே இருந்து பதில் வந்தது: "பதினோரு பேர், மாமா."

ஞாயிற்றுக்கிழமை மாலை பதினோரு பேரும் அந்தத் திண்ணைக்கு வருகிறார்கள். காஞ்சீபுரத்து ஆலைத் தோழர்களும் விவசாயத் தோழர்களும் நெசவாளித் தோழர்களும் அவசியம் வர வேண்டும். சங்கம் சேர்ப்பது எப்படி என்று அவர்களுக்குப் பாடம் நடத்த நம்மைவிடத் தகுதியான ஆசிரியர் எந்தப் பல்கலைக் கழகத்திலும் இல்லை.