கிளைவ் வீடு இருக்கட்டும், குண்டு எங்கே விழுந்தது?

குள்ளஞ்சாவடியிலிருந்து கடலூர் போகும்போது, மஞ்சக்குப்பம் வந்தாலே என் கிளாஸ்மேட் ஆரம்பிச்சுடுவான். "மச்சி, கார்டன் ஹவுஸ் தெரியும்ல? ராபர்ட் கிளைவ் கலெக்டரா இருந்தப்போ தங்கின வீடுடா. கம்பி இல்ல, மரம் இல்ல, செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சே கூரை போட்டிருக்கான்!" ஏதோ அவன் தாத்தா கட்டின வீடு மாதிரி முகத்தில் ஒரு பெருமை :-)

முதலில் அந்தக் கலெக்டர் கதையை விடுங்க மக்களே. 1756-ல் கிளைவ் இங்கே வந்தது தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையின் துணை கவர்னராக. சில மாதத்திலேயே வங்காளத்துக்குக் கப்பல் ஏறியாச்சு. கம்பெனி கலெக்டர் பதவியை உண்டாக்கியதே 1772-ல், அதுவும் வங்காளத்தில். அதற்கு 5 வருஷம் முன்பே ஆள் இந்தியாவை விட்டுப் போயாச்சு. தென்னார்க்காடு கம்பெனி கைக்கு வந்தது 1801-ல்.

சரி, தேதி தப்பு, போகட்டும். என் கோபம் வேறு. அந்த வீட்டின் கூரை எப்படி நிற்கிறது என்று வியக்கிறோமே, அந்த வீடு நிற்கிற மண் அவர்களுக்கு எப்படிப் போனது என்று கேட்டோமா?

1690. முகலாயர்களோடு போரில் சிக்கி, செஞ்சியில் பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த மராட்டிய ராஜாராம், கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்கிறார். சென்னை கவர்னர் எலிஹு யேல். (ஆமாங்க, அமெரிக்கா யேல் யுனிவர்சிட்டி பெயரில் இருக்கும் அதே யேல்!) கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை. நாலு பக்கமும் சுட்டார்கள். உள்ளே அடங்கிய ஊரெல்லாம் கம்பெனிக்கு. கடலூரும் அதில் அடக்கம். அன்றைக்கு அங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்தவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

நெய்வேலி சுரங்கத்துக்கு ஊரையே விட்டுக்கொடுத்தவர்கள் நம்ம சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள். ஊர் கைமாறினால் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"வெள்ளைக்காரன் கட்டினதுதானே, இடிஞ்சா இடியட்டும்" என்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தாகிவிட்டது. கெடிலம் கரையில் மிச்சம் இருப்பது கொஞ்சம் சுவர்தான். அது நிற்கணும். கிளைவுக்காக இல்லை, நம்ம ஊரை விற்றதற்கு அதுதான் ரசீது.

இன்னொரு ரசீது பெயரில் இருக்கிறது: குண்டு உப்பலவாடி, குண்டு சாலை. குண்டும் குழியுமான ரோடு என்பதால் வந்த பெயர் என்றுதான் நானே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அடுத்த தடவை சில்வர் பீச்சுக்குப் போனால், சுண்டல் சாப்பிட்டு முடித்ததும் கெடிலம் பக்கம் ஒரு பத்து நிமிஷம் நடந்து பாருங்க. அந்தக் கிளாஸ்மேட்டையும் இழுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.