பறை பழையபடியே இருக்கட்டும் என்பவர்களுக்கு

நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று நம் குடும்பக் குழுவில் ஒரு காணொளி வந்தது. கல்லூரிப் பெண்கள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பறையடித்து ஆடுகிறார்கள். அதன் கீழே உறவினர் ஒருவர், "பாரம்பரியத்தைக் கெடுக்கிறார்கள், பறை பழையபடியே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். பலர் கைகூப்பியிருந்தார்கள்.

எந்தப் பழையபடி? தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களில் ஒன்றாகச் சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று மனப்பாடம் செய்தீர்களே, மறந்துவிட்டதா? சாவுக்கும் அடித்தார்கள், சாவுக்கு மட்டும் அடிக்கவில்லை. பின்னாளில்தான் அதை இழவு வீட்டு வாசலில் கட்டிப்போட்டோம். அதுவும் ஒரு சாதியார் மட்டும், கூப்பிட்டால் வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தோடு. இனி அடிக்கமாட்டோம் என்று பறையைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அவர்கள் செய்தது நியாயம். பழையபடி என்று நீங்கள் கேட்பது இசையையா, அந்த வாசலையா?

பறை பிழைத்தது இடம் மாறியதால்தான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அதைக் கையில் எடுத்தார்கள். பெண் தொடக்கூடாது என்றிருந்த பறை அது. மதுரைப் பக்கத்து வேலு ஆசான் ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார், 2025இல் பத்மஸ்ரீ வந்தது. பழையபடியே விட்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

கருவியும் மாறியிருக்கிறது. மாட்டுத்தோல் பனிக்கும் மழைக்கும் தளர்ந்துவிடும், தீ மூட்டிக் காய்ச்சித்தான் ஓசையை ஏற்றவேண்டும். இப்போது பைபர் பறை வந்துவிட்டது, காய்ச்சவே வேண்டாம். எனக்கு அதன் சத்தம் பிடிக்காது, தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறது. அது என் காதின் குறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடக்கையில் நீண்ட குச்சி, வலக்கையில் குட்டை அடிக்குச்சி, அடிக்கேற்ற அடவு. இவை அப்படியேதான் இருக்கின்றன. அந்தப் பெண்கள் ஒருத்திகூடத் தாளம் தப்பவில்லை. குறை சொன்னவர் அதைக் கவனித்தாரா?

இதை எழுத எனக்கும் தகுதி குறைவுதான். 1988 ஆண்டு விழாவுக்கு முன் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், எங்கப்பாவோட பறைய அடிக்கட்டுமா?" என்று கேட்டான். "விழாவுல சாவு மேளமாடா?" என்றேன். வகுப்பே சிரித்தது. விழாவன்று அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை. தம்பி, இது உன் கண்ணில் பட்டால், தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

என் பேத்தி போன மாதம் பறை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மொட்டைமாடியில்தான் பயிற்சி. எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து, "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா சார்?" என்று கேட்டுவிட்டார். மூன்றாம் முறை வந்தால் மாடிக்கே கூட்டிப்போய் உட்காரவைப்பதாக இருக்கிறேன்.