அழகுப் படமா, அளவைப் பதிவா?

சிறு தொலைநோக்கியில் எடுத்த கோள விண்மீன் கொத்தின் படத்தை ஒரு மாணவர் காட்டினால், நம் இயற்பியல் துறைகளில் பெரும்பாலும் கிடைக்கும் விடை: "நல்ல பொழுதுபோக்கு, ஆய்வன்று." இந்த விடையை நான் மறுக்கிறேன்.

ஒமேகா சென்டாரியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு கோடி விண்மீன்கள் செறிந்த கொத்து. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. ஏப்ரல், மே இரவுகளில் புணேயில் 24 பாகை, பெங்களூருவில் ஏறத்தாழ 30 பாகை உயரம் வரை ஏறுகிறது. 15 செ.மீ. தொலைநோக்கி, புவியின் சுழற்சியை ஈடுசெய்யும் தாங்கி, கேமரா, நீலமும் பச்சையுமாக இரு வடிகட்டிகள் போதும். ஒவ்வொன்றிலும் அரை நிமிடப் படங்கள் நூறு எடுத்து அடுக்கினால், கொத்தின் புறப்பகுதி விண்மீன்களைத் தனித்தனியே அளக்கலாம். நிறத்தை ஓர் அச்சிலும் பொலிவை மற்றதிலும் குறித்தால் செம்பெருமீன்களின் கிளை தெளிவாகத் தென்படும். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் வரைபடத்தை மாணவர் தாமே வரைந்திருப்பார்.

1890களில் பெரு நாட்டின் அரெகிபாவில் எடுத்த ஒளித்தட்டுகளை ஒப்பிட்டே சோலன் பெய்லி இக்கொத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மாறொளிர் விண்மீன்களைக் கண்டறிந்தார். அத்தகைய விண்மீன்களின் துணையோடு கொத்துகளின் தொலைவைக் கணித்து, கதிரவன் பால்வழியின் மையத்தில் இல்லை என 1918இல் ஹார்லோ ஷாப்லி நிறுவினார். இவ்வளவுக்கும் அடிப்படை ஒளிப்படங்களே.

"கையா விண்கலம் அளந்துவிட்டதே" என்பர். புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு தெரியாததாலா இளங்கலை ஆய்வகத்தில் இன்றும் ஊசலை ஆட்டுகிறோம்?

ஆர்வலர்களுக்கும் ஒரு சொல். கொத்தின் மையத்தை வெண்திட்டாக எரியவிட்டு, மென்பொருளால் விண்மீன்களைக் கூராக்கி, நிறத்தைக் கூட்டிய படத்திலிருந்து எதையும் அளக்க இயலாது. விருப்பக்குறிகள் மட்டுமே மிஞ்சும். மூலக் கோப்புகளைச் சிதைக்காமல் வைத்திருங்கள். நேரத்தையும் வடிகட்டியையும் குறித்துவையுங்கள்.

துறைத் தலைவர்களிடம் கேட்பது பெருநிதியன்று. முதுகலை ஆய்வகப் பட்டியலில் ஒரு கொத்தைச் சேருங்கள். பூட்டிய அறையில் தூசி படியும் தொலைநோக்கியை மாடிக்கு ஏற்றுங்கள். விடுதி நேரக் கட்டுப்பாட்டைக் காட்டி மாணவியரை மட்டும் தடுக்காதீர்கள். நள்ளிரவுவரை மாடிக் கதவு திறந்திருக்கட்டும்.