திருட்டுக் குறுந்தகடே மூலப்பிரதி

கணினி விளையாட்டு என்றதும் முகம் சுளிக்கும் இலக்கிய அன்பர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அது பிள்ளைப்பிராயத்துப் பொழுதுபோக்கு, அழிந்தால் அழியட்டும் என்பது அவர்கள் கட்சி. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்த கதையைப் படித்து உருகுகிறவர்களும் அவர்களேதான். இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் எங்கள் வழக்கு.

2000 டிசம்பரில் வெளிவந்த 'பிராஜக்ட் ஐ.ஜி.ஐ.' என்ற விளையாட்டை நார்வே நாட்டு இன்னர்லூப் நிறுவனம் உருவாக்கியது. மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே அதை ஆடியது. ஒற்றன் ஒருவன் தனியாகப் பகை முகாமுக்குள் நுழைகிறான். கண்காணிப்புக் கேமராவின் பார்வையில் பட்டுவிட்டால் அபாயச் சங்கு ஒலிக்கும். பாசறையிலிருந்து வீரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு கட்டத்தின் நடுவே நிறுத்திச் சேமித்துவைக்க வழியே கிடையாது. நாற்பது நிமிடம் பதுங்கிச் சென்றவன் நாற்பத்தொன்றாம் நிமிடம் அவசரப்பட்டால் மீண்டும் வேலியோரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சுடுவதைவிடக் காத்திருப்பதே பெரிது என்று கற்பித்த விளையாட்டு அது. அந்தக் காத்திருப்பின் கனத்தை எழுத்தில் கொண்டுவர நம் துப்பறியும் நாவல்களில் பல திணறியிருக்கின்றன என்பது எங்கள் துணிபு.

அண்மையில் இதை மீண்டும் ஆடிப் பார்த்தோம். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு பார்க்கும் நண்பரின் செம்பரம்பாக்கத்து வாடகை அறையில், அவருடைய புது மடிக்கணினியில். அங்கிருந்து சில கல் தொலைவில், திருப்பெரும்புதூரில், 2007 முதல் டெல் கணினிகள் தயாராகின்றன. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதும் அந்த ஊரில்தான். இயந்திரம் செய்யும் ஊரில், இருபத்தைந்து ஆண்டு மூத்த ஒரு படைப்பை இயந்திரம் அடையாளம் காண மறுத்தது. அகலத்திரையில் உருவங்கள் பக்கவாட்டில் இழுபட்டுக் குட்டையாகின. பழைய டைரக்ட்எக்ஸ் கட்டளைகளைப் புதிய முறைக்கு மொழிபெயர்க்கும் 'டிஜிவூடூ' என்ற மென்பொருளை நிறுவிய பிறகே அது ஒழுங்காக ஓடியது. யாரோ ஓர் ஆர்வலர் எழுதி இலவசமாக வைத்திருப்பது அது.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. அக்காலத்து விளையாட்டுத் தகடுகள் பலவற்றில் 'சேஃப்டிஸ்க்' என்ற களவுத் தடுப்புப் பூட்டு இருந்தது. பாதுகாப்புக் குறை என்று சொல்லி 2015இல் விண்டோஸ் 10 அந்தப் பூட்டுக்கு இடமளிக்க மறுத்துவிட்டது. விளைவு, முழு விலை கொடுத்து வாங்கியவனின் அசல் தகடு செத்தது. பூட்டை உடைத்து விற்ற நடைபாதைத் தகடு பிழைத்தது. பாட பேத ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க: இங்கே நம்பகமான பிரதி திருட்டுப் பிரதிதான்!

பதுங்கல் விளையாட்டுகளின் முன்னோடிகளில் ஒன்றாக மதிக்கப்படும் 'தீஃப்' (1998) கதையும் இதுவே. அதில் ஒலிதான் இலக்கணம். பளிங்குத் தரையில் காலடி ஒலிக்கும், கம்பளத்தில் ஒலிக்காது. காவலன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்பதைக் காது சொல்ல வேண்டும். 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா ஒலி அட்டைகளுக்கான பழைய நேரடி வழியை அடைத்தபோது அந்த இலக்கணம் சிதைந்தது. பல கருக்கள் கொண்ட செயலிகளில் விளையாட்டே முறிந்து விழுந்தது. உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000 மே மாதமே மூடப்பட்டிருந்ததால் முறையிடவும் ஆளில்லை. 2012 செப்டம்பரில் 'லெ கார்போ' என்ற புனைபெயரில் ஒருவர் பிரெஞ்சு ரசிகர்களிடையே ஒரு திருத்தத்தை வெளியிட்டார். ஒலியும் மீண்டது, விளையாட்டும் எழுந்தது. அந்தப் பெயருக்கு அண்டங்காக்கை என்று பொருள். ஏட்டைப் படியெடுத்துப் பெயர் எழுதாமல் போன நம் ஊர்க் கணக்காயர்களின் வம்சம் என்றே அவரைக் கொள்கிறோம்.

'உரிமையாளர் அனுமதியின்றிச் செய்வது குற்றமல்லவா?' என்பார்கள். சட்டத்தைப் பார்ப்போம். 2012இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்கிறது. ஆனால் அதன் மின்னணுவல்லாத பிரதி நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டுமாம்! பிறக்கும்போதே மின்னணுவாகப் பிறந்த ஒன்றுக்கு அந்தப் பிரதி எங்கிருந்து வரும்? கன்னிமாராவுக்குப் பிரதி அனுப்பச் சொல்லும் 1954ஆம் ஆண்டுச் சட்டமோ நூலும் இதழும் மட்டுமே அறியும். அமெரிக்காவின் நிலையும் பெரிதும் மேலில்லை. 2010க்கு முன் அங்கு வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து அவற்றை அணுக நூலகங்கள் கேட்ட விலக்கை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024இல் மறுத்தது.

'நமக்கென்ன' என்று இனியும் கேட்கும் சிற்றிதழ் ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி. 1990களில் நீங்கள் பேஜ்மேக்கரில் வடிவமைத்த இதழ்களின் கோப்புகள் எங்கே? அந்த மென்பொருளின் வளர்ச்சி 2004இல் நின்றது. டாம், டாப், பாமினி என்று பலவிதமாய் இருந்த எழுத்துருக்களில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல். அச்சுப்பிரதி இருக்கிறதே என்பீர்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் திறந்த நீர் அடையாற்றங்கரை வீடுகளுக்குள் புகுந்தபோது அச்சு, மின்னணு என்று பேதம் பார்க்கவில்லை. ஐ.ஜி.ஐ.க்கு ஊர்பேர் தெரியாத ரசிகர் படை ஒன்று இருக்கிறது. முன்னூறு பிரதி அச்சிட்ட இதழுக்கு அதுவும் கிடையாது.

விண்டோஸ் 98 ஓடும் கணினிகள் இரண்டு எங்கள் குழுவில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நெகிழ்வட்டு படிக்கும், பேஜ்மேக்கரும் திறக்கும். பேஜ்மேக்கர் எந்தத் தகட்டிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். பரணில் கிடப்பதை இந்த மழைக்கு முன் இறக்கித் தாருங்கள்.