பவர் ஸ்பிரேயர்: போல்ட் மாற்றியதும் இன்ஜின் அலறுவது ஏன்?

கேள்வி: முதுகில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் பவர் ஸ்பிரேயர் வைத்திருக்கிறேன். கிராங்க் கேஸ் போல்ட் இரண்டு துருப்பிடித்து உடைந்துவிட்டன. கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டு முடுக்கினேன். இப்போது ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் குறையாமல் அலறுகிறது. நெல்லில் இலைச்சுருட்டுப் புழு இருக்கிறது. அப்படியே மருந்து அடிக்கலாமா?
- மன்னார்குடி வாசகர்

பதில்: அடிக்காதீர்கள். சுவிட்சில் நிற்காவிட்டால் சோக்கை முழுவதும் மூடி இன்ஜினை நிறுத்துங்கள். இந்த வேலைக்கு இரண்டு நாள் வாடகைக்கு வேறு தெளிப்பான் எடுப்பதே லாபம்.

காரணம் இதுதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் ஆயிலும் கலந்த புகை முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், பிறகுதான் சிலிண்டருக்கு ஏறுகிறது. கேஸ் இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வரும். அந்தக் காற்றோடு பெட்ரோலும் வராது, ஆயிலும் வராது. கலவை நீர்த்துப்போய் வேகம் தாறுமாறாகும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு செயல்விளக்கத்தில் இதே சத்தத்தைக் கேட்டு, கார்புரேட்டர் திருகைத் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் பிஸ்டன் பிடித்துவிட்டது. கூடியிருந்த விவசாயிகள் முன் தலைகுனிந்தேன். ஆகவே திருகைத் தொடாதீர்கள்.

செய்ய வேண்டியவை:

1. டேங்கில் உள்ள மருந்தைக் காலி செய்து கழுவி, கையுறை போட்டு, இன்ஜின் ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். பக்கத்தில் பீடி, தீப்பெட்டி வேண்டாம்.

2. போட்ட போல்ட்டைக் கழற்றி, பழையதோடு நீளத்தையும் மரையையும் ஒப்பிடுங்கள். நீளம் அதிகமானால் துளையின் அடியில் முட்டி, முடுக்கியது போல இருக்கும். ஆனால் கேஸை அழுத்தாது. மரை வேறானால் அலுமினிய மரையைத் தின்றுவிடும். மரை போயிருந்தால் லேத் பட்டறையில் மரைச்சுருள் வைக்கலாம்.

3. இணையும் முகங்களை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். கோடு விழுந்தால் அதுவே ஓட்டை. புது கேஸ்கெட் போடுங்கள். அட்டையை வெட்டிப் போடாதீர்கள், தடிமன் மாறும். சாதாரண சிலிக்கான் பசை பெட்ரோலில் ஊறிப் பிரிந்துவிடும்.

4. போல்ட்டுகளை எல்லாம் முதலில் லேசாக, பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி, மூன்று தவணையாக முடுக்குங்கள். கையேட்டில் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

5. கடைசியில் மெக்கானிக்கிடம் காற்றுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கார்புரேட்டர், சைலன்சர் வழிகளை அடைத்து, 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை மட்டும் கொடுத்து, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் இணைப்பில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வரும் இடமே கசிவு. போல்ட் பகுதியில் குமிழி இல்லையென்றால், கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல், கார்புரேட்டர் அடிக் கேஸ்கெட் இரண்டையும் பாருங்கள்.

தினமும் வேலை முடிந்ததும் இன்ஜினில் தெறித்த மருந்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். போல்ட் துருப்பிடிக்கப் பெரும்பாலும் காரணம் அந்தத் துளிகள்தான்.