பார்த்தவர்களுக்கும் பார்க்கப்பட்டவர்களுக்கும்

மருதமுனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போகும் வழியில் பெரியகல்லாறு வரும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இதே கடலில் இன்னும் வடக்கே, மட்டக்களப்புக்கு அப்பால், ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் கிடக்கிறது. வெளிநாட்டுச் சுழியோடிகள் அதைத் தேடி வருகிறார்கள். எனக்கோ சென்ற வருடம் வரை அதன் பெயரே தெரியாது.

அந்தக் கப்பலின் கதை வானத்திலிருந்து தொடங்குகிறது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலை வாவியிலிருந்து புறப்பட்ட கற்றலைனா கடல்விமானம் ஒன்று, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டது. விமானி கனடாவைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல். சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன்னர் செய்தியை அனுப்பிவிட்டார்கள். விமானத்திலிருந்த ஒன்பது பேரில் மூவர் இறந்தனர், ஏனையோர் கைதிகளாயினர். அந்தச் செய்தியால், மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது துறைமுகத்துக் கப்பல்களிற் பல ஏற்கெனவே வெளியேறியிருந்தன.

ஐந்து நாள் கழிந்து நிலைமை மாறியது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. முதல்நாள் இரவே அங்கிருந்து விலகி நமது கரையோரமாக வந்திருந்த ஹேர்மிஸை, ‘ஹருனா’ என்ற ஜப்பானியக் கப்பலின் வேவு விமானம் கண்டுவிட்டது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் ஹேர்மிஸ்தான். ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. 307 பேர் இறந்தனர்.

ஒரு பார்வை பலரைக் காப்பாற்றியது. இன்னொரு பார்வை பலரைக் கொன்றது. இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே தீவைச் சுற்றி நடந்தன.

இரத்மலானையில் விமானப்படையின் அருங்காட்சியகம் உண்டு. நமது கரையில் இந்த வரலாற்றைச் சொல்லவும் சிறியதோர் அருங்காட்சியகம் வேண்டும் என்பது என் கருத்து. இங்கிலாந்தில் மெட்மன்ஹம் என்ற இடத்தில் யுத்தகாலத்தில் இயங்கிய வான்படப் பிரிவின் நினைவை அவ்வாறுதான் பேணுகிறார்கள். ஒன்றோடொன்று பொருந்தும்படி எடுத்த இரு வான்படங்களை இரட்டைக் கண்ணாடிக் கருவியால் பார்த்தால் நிலம் மேடுபள்ளத்தோடு எழுந்து தெரியும். அப்படி உற்றுப் பார்த்தவர்களிற் பலர் பெண்கள். ஜேர்மனியின் பறக்கும் குண்டை 1943இல் ஒரு படத்தில் இனங்கண்டவர் கொன்ஸ்ரன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்ற பெண்மணி. நம் மாணவிகள் அறிய வேண்டிய பெயர் இது.

இதை வீட்டில் சொன்னபோது வாப்பா கேட்டார்: “சண்டையைப் பாக்கிறதுக்கு ஒரு மியூசியமா மகள்?”

மூத்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஹெலியின் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவர் கைவேலையை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்து மேலே பார்ப்பார். வன்னியில் தலைக்குமேல் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை மக்கள் ‘வண்டு’ என்றார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு அது தகவல். கீழே நிற்பவருக்கு அது பயம்.

வாப்பாவின் கேள்வி நியாயமானது. அதனால்தான் அந்த அருங்காட்சியகம் இங்கே அமைய வேண்டும் என்கிறேன். விமானங்களின் படங்களை மட்டும் மாட்டி வைத்தால் அது வீரக்கதையாகிவிடும். ஒரு சுவரில் பேர்ச்சலும் ஹேர்மிஸும் இருக்கட்டும். எதிர்ச்சுவரில் மூத்தம்மாவைப் போன்றவர்களின் வாய்மொழிகள் இருக்கட்டும். தமிழரும் முஸ்லிம்களும் வானத்தைப் பார்த்துப் பயந்த நாட்களை இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக நின்று வாசிக்கட்டும்.

அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. பெரியகல்லாற்றில் ஓர் அறை போதும். கல்முனையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் பஸ்கள் அவ்வழியால்தான் போகின்றன. கட்டடத்துக்கு முன்பே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் உண்டு: வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது. கப்பல் கடலடியில் காத்திருக்கும். அவர்கள் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.

நான் மூத்தம்மாவிடமிருந்து தொடங்கிவிட்டேன்.