விளையும் முன்னே விலை பேசுதல்

இளம் பந்துவீச்சாளன் ஒருவன் கண்ணில் பட்டுவிட்டால் உடனே பட்டம் சூட்டிவிடுவது நம் வழக்கம். லெக் ஸ்பின்னர் சிவராமகிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறோம். 1983இல் 17 வயதில் டெஸ்ட் ஆடினார். அடுத்த ஆண்டே பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட்டுகள். 1986 ஜனவரியோடு அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது. மொத்தம் 9 ஆட்டங்கள், 26 விக்கெட்டுகள். அப்போது வயது 20.

மறுபுறம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர். பந்துவீசும் முறை ஐயத்துக்குள்ளாகி, அதைத் திருத்திக்கொண்டு, 29 வயதில், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில்தான் இந்தியாவுக்கு ஆடினார்.

பதினேழு வயதில் தெரிவது திறமை மட்டுமே. உடம்பு தாங்குமா, தோல்வியை மனம் தாங்குமா என்பதைக் காலம்தான் சொல்லும்.

தமிழ்நாடு பிரீமியர் லீகில் 2016இல் 'காரைக்குடி காளை' என்றோர் அணி இருந்தது. பின்னர் அது திருப்பூர் பெயருக்கு மாறிற்று. பெயர் போனதில் நமக்குப் பெரிய வருத்தமில்லை. செட்டிநாட்டுப் பையன்களுக்கு வேண்டியவை நல்ல ஆடுகளம், கண்டித்துத் திருத்தும் பயிற்சியாளர், சறுக்கினாலும் பொறுத்திருக்கும் நான்கைந்து ஆண்டுகள். அவற்றைக் கொடுத்துவிட்டு ஆரூடம் சொல்வோமே.